ஹோல்டம் போக்கரில் பிக் பிளைண்டில் இருந்து திருப்பி ரெய்ஸ் பண்ணி ஆடுவது சரிவருமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் ஆறு பேர் சனிக்கிழமைகளில் நோ-லிமிட் ஹோல்டம் விளையாடுகிறோம். பிளைண்ட் (கடதாசி பார்க்க முன் இருவர் கட்டாயமாகப் போடும் சிப்ஸ்) ஸ்மோல் 50, பிக் 100; ஆளுக்கு 10,000 சிப்ஸ். எல்லாரும் 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடிப் பழகினவர்கள். பிக் பிளைண்டில் கோல் பண்ணி (எதிராளி போட்டதற்குச் சமமாகப் போட்டு) பண்ணியே என் சிப்ஸ் கரைகிறது. திருப்பி ரெய்ஸ் பண்ணினால் (அவர் போட்டதை விடக் கூட்டிப் போட்டால்) என்ன?

பதில்:

பண்ணலாம். ஆனால் ரெய்ஸ் எந்த இருக்கையில் இருந்து வந்தது, அந்த ஆள் கடதாசியை வைத்துவிட்டு விலகத் தெரிந்தவரா என்று பார்த்துத்தான்.

பட்டனில் (கடதாசி பகிர்பவரின் இருக்கையில்) இருப்பவர் 250 போட்டு, ஸ்மோல் பிளைண்ட் விலகினால் பொட்டில் (நடுவில் சேர்ந்த சிப்ஸில்) 400 இருக்கும். நீங்கள் இன்னும் 150 போட்டால் கோல். 550-இல் 150 என்றால் 27 வீதம் வென்றாலே கணக்குச் சரி. மலிவாகத் தெரிவதால்தான் கண்டதற்கெல்லாம் கோல் போகிறது. பிளொப்புக்கு (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுக் கடதாசிகளுக்கு) பிறகு ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும், அதனால் அந்த 27 வீதம் முழுதாகக் கைக்கு வராது.

திருப்பி ரெய்ஸ் பண்ணுவதென்றால் 1,000 அல்லது 1,100 ஆக்குங்கள். புதிதாக ஆடுபவர்கள் 500 போடுவார்கள். எதிராளி 250 மட்டும் சேர்த்து 1,050 பொட்டுக்கு வருவார், அவருக்கு 24 வீதம் போதும், யார் விலகப் போகிறார்? 1,100 ஆக்கினால் அவருக்கு 38 வீதம் வேண்டும். மறுபக்கம், ஏற்கெனவே போட்ட 100 போக நீங்கள் 1,000-ஐப் போட்டு 400-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். வெறும் பயமுறுத்தலுக்கு 100-க்கு 71 தடவை அவர் விலக வேண்டும், அப்படி நடக்காது. ஆகவே கோல் வந்தாலும் தாக்குப்பிடிக்கிற கை வேண்டும்.

பட்டனுக்கு எதிராக 10-10 முதல் மேலே உள்ள சோடிகள், A-K, A-Q. புளஃப்புக்கு (பயமுறுத்தி விலக்கும் ரெய்ஸுக்கு) ஒரே இனத்து A-5 முதல் A-2 வரை. உங்களிடம் ஓர் ஏஸ் இருந்தால் எதிராளியிடம் A-A இருக்கக்கூடிய 6 வழி 3 ஆகிறது, A-K-இன் 16 வழி 12 ஆகிறது. கோல் வந்தாலும் பெரிய பிளஷ் (ஒரே இனத்து ஐந்து கடதாசி), சின்ன ஸ்ட்ரெய்ட் (வரிசையான ஐந்து கடதாசி) வர இடமுண்டு. வேறினத்து A-9, K-J போன்றவற்றால் ரெய்ஸ் பண்ணினால் மோசமான கைகள் விலகும், நல்லவை மட்டும் நிற்கும். முன் இருக்கையில் (முதலில் பேசுபவரிடம்) இருந்து ரெய்ஸ் வந்தால் Q-Q-உம் அதற்கு மேலும், A-K-யும் தவிர அதிகம் வேண்டாம். 304 பழக்கத்தில் J-9 கண்டால் கை பரபரக்கும். அங்கே J-க்கு 30, 9-க்கு 20. இங்கே வேறினத்து J-9 மலிவாகக் கோல் பண்ணிப் பார்க்கும் கைதான்.

வீட்டு மேசையில் பெரிய பிரச்சினை, யாருமே விலகுவதில்லை. "வந்தது வந்தோம், பிளொப்பைப் பார்ப்பம்" என்பவருக்கு A-4 புளஃப் வீண். அதை விட்டுவிட்டு J-J, A-Q போன்றவற்றை 1,200, 1,300 என்று பாரமாகப் போடுங்கள்.

மூன்று பேர் சும்மா 100 போட்டுவிட்டு, ஸ்மோல் பிளைண்ட் விலகினால் பொட்டில் 450. A-Q வைத்துக்கொண்டு இலவசமாகப் பிளொப் பார்ப்பது நட்டம். 400-உம், ஆளுக்கு 100-உம் சேர்த்து 700 ஆக்குங்கள். ஸ்மோல் பிளைண்ட் மட்டும் 100-க்கு நிரப்பினால் இன்னும் நல்லது, அவருக்குப் பிறகே நீங்கள் பேசுவீர்கள். 300 ஆக்கினால், பாதித் தடவை அவர் விலகினாலே முதல் போகாது.

கோல் பண்ணி வந்த பொட்டில் செக்-ரெய்ஸை (முதலில் போடாமல் விட்டு, எதிராளி போட்டதும் கூட்டுவதை) மறக்க வேண்டாம். பொட் 550, பிளொப் 7-6-4, அவர் 180 போடுகிறார். தாழ்ந்த கடதாசிகள் உங்களிடம்தான் கூட இருக்கும். 600 ஆக்கினால் 45 வீதம் விலகல் போதும். கையும் பிளொப்பும் சேர்த்து ஒரே இனத்து நாலு கடதாசி இருந்தால் ரிவருக்குள் (கடைசிப் பொதுக் கடதாசிக்குள்) பிளஷ் வர 35 வீத வாய்ப்பும் உண்டு. A-K-3 விழுந்தால் இதைச் செய்யாதீர்கள், அது அவருடைய பிளொப்.

சிப்ஸ் 2,000-க்குக் கீழே போனால் இந்த 1,000 ரெய்ஸே வேண்டாம். பாதியைப் போட்டபின் விலக முடியாது; ஓல்-இன் (இருப்பதெல்லாம் போடுவது), இல்லாவிட்டால் கோல் அல்லது விலகல்.