மாடு இல்லாதவனும் ஜன்னல் வழியா போனவனும்

கேள்வி: பழைய இங்கிலீஷ் நாவல் ஒண்ணுல ஹீரோவை 'இம்பெக்யூனியஸ்'னு சொல்லியிருக்கு. திட்டா, பாராட்டா? – கோவில்பட்டி வாசகி

பதில்: ரெண்டும் இல்லைங்க, கையில காசில்லாத ஆளுன்னு அர்த்தம். ஆனா அந்த வார்த்தைக்குள்ள ஒரு மாடு நிக்குது. லத்தீன்ல 'பெகுஸ்'னா கால்நடை, யார்கிட்ட எத்தனை உருப்படி இருக்கோ அவ்ளோ வசதின்னு கணக்கு, அதுலேருந்து 'பெகூனியா'ன்னா பணம்னு ஆகி, இல்லைங்கறதுக்கு முன்னாடி ஒரு 'இம்' ஒட்டிக்கிட்டு இங்கிலீஷுக்கு வந்துடுச்சு. 400வது குறள்ல 'மாடல்ல மற்றை யவை'ன்னு வருதே, அந்த மாடும் செல்வம்தான். இத நடத்தினப்ப "மத்ததெல்லாம் மாடு இல்லைன்னா ஆடா ஐயா?"ன்னு கேட்டு தலையில குட்டு வாங்கினவன் நான்.

கேள்வி: 'ப்ரோக்ராஸ்டினேட்'னா நாளைக்குன்னு தள்ளிப் போடறது. நாளன்னைக்குன்னு தள்ளிப் போட வார்த்தை இருக்கா சார்? அவசரமா தேவைப்படுது. – திருச்சி வாசகர்

பதில்: இருக்கு, 'பெரெண்டினேட்'. லத்தீன்ல 'க்ராஸ்'னா நாளைக்கு, 'பெரெண்டியே'ன்னா நாளன்னைக்கு. டிக்‌ஷனரியிலேயே தூங்குற வார்த்தை, மேனேஜருக்கு மெயில்ல போட்டுடாதீங்க. 'ஓவர்மாரோ'ன்னு இங்கிலீஷ்காரன் சொந்தமா ஒண்ணு வச்சிருந்தான், அதையும் தொலைச்சுட்டு இப்ப 'டே ஆஃப்டர் டுமாரோ'ன்னு இழுக்கறான்.

கேள்வி: க்விஸ்ல 'டிஃபெனஸ்ட்ரேஷன்' கேட்டாங்க. ஒருத்தரை ஜன்னல் வழியா தூக்கிப் போடறதாம். இதுக்கெல்லாமா ஒரு வார்த்தை? – மதுரை காலேஜ் மாணவி

பதில்: பிராக் நகரத்துக்காரங்களுக்கு தேவைப்பட்டுச்சே! 1419லயே அங்க நகரசபைக்காரங்கள ஜன்னல்லேருந்து தள்ளியிருக்காங்க. ஆனா பேர் வாங்கினது 1618 மே 23. தங்களோட மத உரிமையில கை வைக்கறாங்கன்னு கொதிச்சுப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள்ள புகுந்து, கத்தோலிக்க அரசரோட பிரதிநிதிகளான ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் ரெண்டு பேரையும், கூட நின்ன பாவத்துக்கு செக்ரட்டரி ஃபாப்ரிசியஸையும் ஜன்னல் வழியா வெளிய எறிஞ்சாங்க. சுமார் 70 அடி உயரம், மூணு பேரும் பிழைச்சுட்டாங்க! மாதா தாங்கிப் பிடிச்சாங்கன்னு கத்தோலிக்கர்கள் சொன்னாங்க, குப்பைமேட்டுல விழுந்தாங்கன்னு எதிர்த்தரப்பு சொல்லிச்சு. அங்க ஆரம்பிச்ச முப்பதாண்டுப் போர் 1648லதான் ஓஞ்சுது. இதுல எனக்கு பிடிச்சது செக்ரட்டரி கதை, அவருக்கு பின்னாடி பிரபு பட்டம் குடுத்தப்ப வச்ச பேரு 'ஹோஹென்ஃபால்', அதாவது உசரத்துலேருந்து விழுந்தவர். மனுஷன் அத லெட்டர்ல எப்படி கையெழுத்து போட்டாரோ!

வார்த்தைக்கு வர்றேன். 'ஃபெனெஸ்ட்ரா'ன்னா லத்தீன்ல ஜன்னல், 'டே'ன்னா அதுலேருந்து. நம்ம 'ஜன்னல்' மட்டும் என்னவாம், போர்த்துகீசியர் கொண்டு வந்த 'ஜனெலா'தானே, அதுக்கு மூலம் 'யானுவா'ங்கற லத்தீன் வார்த்தை, அர்த்தம் வாசல். ரோமாபுரி வாசக்கதவு நம்ம வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஜன்னலா சுருங்கிப்போச்சு.

கேள்வி: எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கிரிக்கெட், சமையல், டாக்டர் எழுதின மாத்திரைன்னு எல்லாத்துலயும் கருத்து சொல்வாரு. அவருக்கு புரியாத மாதிரி திட்ட ஒரு வார்த்தை குடுங்களேன். – பேர் போட வேண்டாம்

பதில்: 'அல்ட்ராக்ரெபிடேரியன்'னு வச்சுக்கோங்கம்மா, புரியவே புரியாது. செருப்பைத் தாண்டிப் போறவர்னு அர்த்தம். அலெக்சாண்டர் காலத்து ஓவியர் அபெல்லிஸ் படத்தை வெளிய வச்சுட்டு பின்னாடி ஒளிஞ்சு நின்னு, போறவங்க என்ன பேசறாங்கன்னு கேப்பாராம். செருப்புல ஒரு வார் குறையுதுன்னு ஒரு செருப்பு தைக்கறவர் சொல்ல, திருத்திட்டாரு. மறுநாள் அதே ஆளு, கால் சரியில்லைன்னு ஆரம்பிச்சதும் "செருப்போட நிறுத்திக்கப்பா"ன்னுட்டாரு. இது ப்ளினிங்கற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதி வச்ச கதை. லத்தீன்ல 'க்ரெபிடா'ன்னா செருப்பு. 1819ல ஹாஸ்லிட்ங்கற கட்டுரையாளர், கிஃபோர்டுங்கற பத்திரிகை ஆசிரியரை திட்ட இத எடுத்துவிட்டாரு, அந்த கிஃபோர்டு சின்ன வயசுல செருப்பு தைக்கத்தான் பழகினவர், குத்து எங்க இறங்கியிருக்கும் பாருங்க.

உங்க மச்சாண்டார் அர்த்தம் கேட்டா என் பேரை சொல்லிடாதீங்க. லத்தீனுக்கு பதில் சொல்ற நான் படிச்சது பி.காம்.