அம்மாவின் மாத்திரைச் செலவை இன்ஷூரன்ஸ் தருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் மாதம் 3,600 ரூபாய்க்கு மாத்திரை வாங்குகிறோம். 5 லட்ச ரூபாய் ஹெல்த் பாலிசி இருந்தும் மாத்திரைக்கு ஒரு பைசா வந்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்கே ஜெனரிக் மருந்து (பிராண்ட் பெயர் இல்லாமல் குறைந்த விலைக்கு வரும் அதே மருந்து) வாங்கினால் நாம் கையிலிருந்து போடும் பணம் குறையும் என்கிறார். இங்கேயும் அப்படி உண்டா? பேசாமல் பாலிசியை நிறுத்திவிட்டு அந்தப் பிரீமியத்தில் மருந்து வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பாலிசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணன் சொல்வது அங்கே சரி. அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மருந்துகளைப் படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ்ப்படியில் உள்ள ஜெனரிக்குக்கு நோயாளி கொடுப்பது குறைவு, பிராண்டுக்கு அதிகம். நம் ஊர் பாலிசி அடிப்படையில் ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்கானது. அட்மிட் ஆகியிருக்கும்போது டாக்டர் எழுதும் மருந்து பிராண்டா ஜெனரிக்கா என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆனால் சீனியர் சிட்டிசன் பாலிசி பலவற்றில் கோ-பே உண்டு, அதாவது பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும். அது 20 சதவீதம் என்றால், 80,000 ரூபாய் மருந்து பில்லில் 16,000 உங்களுடையது. அப்படிப்பட்ட பாலிசியில் விலை குறைந்த மருந்து உங்களுக்கும் லாபம்தான்.

வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் வரும் வழி ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருந்துச் செலவைக் கேட்கலாம். சிலவற்றில் நாட்கள் இன்னும் கூடுதல். எந்த நோய்க்குப் படுத்தாரோ அதற்கான மருந்தாக இருக்க வேண்டும். டெங்குவுக்கு அட்மிட் ஆகிவிட்டு சர்க்கரை மாத்திரை பில்லைக் கொடுத்தால் வராது. என் அப்பாவின் டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு மாதமும் மருந்து வாங்கினோம். கடையில் கொடுத்த துண்டுச் சீட்டில் அவர் பெயரும் இல்லை, பில் நம்பரும் இல்லை. அத்தனையும் வீணாயிற்று. அதனால் பெயர், தேதி, பில் நம்பர், பேட்ச் எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி, டாக்டர் சீட்டோடு பின் செய்து வையுங்கள்.

ஓபிடி ரைடர் (அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியச் செலவுக்காகப் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் காப்பீடு) எடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். அது ஆண்டுக்கு எவ்வளவு தரும், அதற்கு எவ்வளவு கூடுதல் பிரீமியம், மருந்து அதில் சேருமா என்று மூன்றையும் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் வேண்டாம்.

உங்கள் 3,600-ஐக் குறைக்கும் இடம் மருந்துக்கடை. அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மெட்ஃபார்மின் 500 மி.கி’ மாதிரி மருந்தின் பெயர் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத் தாளில் எழுதிக்கொண்டு மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை கேளுங்கள். பாதிக்கும் கீழே கிடைப்பவை நிறைய. காப்புரிமை முடிந்த மருந்தா என்றும் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி, 10 ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் எதையும் மாற்ற வேண்டாம். தைராய்டு, வலிப்பு மருந்துகளில் இன்னும் கவனம் தேவை.

பாலிசியை ஏன் நிறுத்தக்கூடாது என்றேனா? இந்த வயதில், சர்க்கரையும் பிரஷரும் இருக்கும்போது புதிய பாலிசி கிடைப்பதே கடினம். கிடைத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து போர்ட் செய்யுங்கள், அதாவது பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றுங்கள்; காத்திருந்த காலம் கணக்கில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. பழைய வரி முறையில் இருந்தால், அம்மாவுக்காக நீங்கள் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரிக் கணக்கில் 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. ரொக்கமாகக் கட்டாமல் வங்கி வழியாகக் கட்டுங்கள்.