வர்ஜீனியா அணியின் 2018–19 பருவம்: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் அணி 2018–19 பருவத்தில் 35 ஆட்டங்களில் வென்று, மூன்றில் மட்டும் தோற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்தப் பருவத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். தற்காப்பு முறை, ஆட்டத்தின் வேகம், விதிகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நீண்ட பதில் கிடைக்கும்; மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): பட்டம் வென்ற பருவத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதற்கு முந்தைய ஆண்டின் தோல்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். அது அவ்வளவு பெரிய தோல்வியா?

பதில்: ஆம், அதைவிடப் பெரிய தோல்வி அந்தப் போட்டியில் அதுவரை இருந்ததில்லை. என்சிஏஏ போட்டியில் நான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரநிலை தரப்படும். முதல் சுற்றில் முதல் தரநிலை அணி பதினாறாம் தரநிலை அணியைச் சந்திக்கும். 1985 முதல் நடந்த அத்தகைய 135 ஆட்டங்களிலும் முதல் தரநிலை அணியே வென்றிருந்தது. 2018 மார்ச் 16 அன்று ஷார்லட் நகரில், ஒட்டுமொத்தப் போட்டிக்கே முதலிடம் பெற்றிருந்த வர்ஜீனியா, யூஎம்பிசி என்று அழைக்கப்படும் மேரிலாண்ட் பல்கலைக்கழக பால்டிமோர் கவுன்டி அணியிடம் 74–54 என்று வீழ்ந்தது. இடைவேளையில் 21–21 என்று சமநிலையில் இருந்த ஆட்டம் அது. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகளைக் கொடுத்தார்கள்.

மணிக்கட்டு முறிந்து வர்ஜீனியா வீரர் டியாண்ட்ரே ஹன்டர் ஆடாததே காரணம் என்பார்கள். அது ஐந்தாறு புள்ளி வேறுபாட்டை விளக்கலாம், இருபதை விளக்காது. யூஎம்பிசி 24 முறை மூன்று புள்ளிக்கு (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து) எறிந்து 12 முறை போட்டது. வர்ஜீனியா 22 முறை எறிந்து 4 முறை மட்டுமே போட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை; இதை இன்னும் சில முறை சொல்லப்போகிறேன். புள்ளிப் பலகையைப் பார்க்கும்போது, ஓர் அணியின் கைக்குப் பந்து எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மெதுவாக ஆடும் அணி பின்தங்கினால், மீண்டு வருவதற்கான வாய்ப்புகளும் அதற்குக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு): வர்ஜீனியாவின் அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட்டின் ‘பேக் லைன்’ தற்காப்பை ஒரு பள்ளி அணிக்குப் புரியும்படி விளக்க முடியுமா?

பதில்: முடியும், ஐயா, கேட்டதற்கு நன்றி. இது அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்த முறை. அவர் விஸ்கான்சின் அணியை 2000-இல் கடைசி நான்கு அணிகள் வரை கொண்டுசென்றவர்.

வழக்கமான ஆளுக்கு ஆள் தற்காப்பில், பந்து வைத்திருப்பவருக்கு அருகில் நிற்கும் எதிரணியினருக்குப் பாஸ் போகாமல் இடையில் கை நீட்டித் தடுப்போம். பேக் லைனில் அப்படிச் செய்வதில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டு அடி உள்ளே ஒரு கற்பனை வளைவு இருப்பதாகக் கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார்; மற்ற நால்வரும் அந்த வளைவுக்குள் நிற்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கி நுழைபவருக்கு எந்தப் பக்கமும் ஒரு தோளோ மார்போ எதிரே நிற்கும். கூடைக்கு அடியில் உயரமான ஆட்டக்காரரிடம் பந்து போனால், மற்றோர் உயரமான தற்காப்பாளர் உடனே சென்று இரட்டைக் காவல் போடுவார்.

இதன் உயிர்நாடி வெளியே பாஸ் போகும்போது ஓடிச்சென்று அடைக்கும் விதத்தில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று எட்டுகள் முழு ஓட்டம். பிறகு பாதங்களைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல் குறுகிய எட்டுகள். இடுப்பு தாழ்ந்தும் ஒரு கை உயர்ந்தும் இருக்க வேண்டும். துள்ளிப் பாய்ந்தால் எதிராளி பந்தைக் காட்டி ஏமாற்றி உள்ளே புகுந்துவிடுவார். பந்தைப் பறிக்கும் சூதாட்டத்துக்கு இங்கே இடமில்லை. தங்கள் எறிதல் தவறியதும் திரும்பி வரும் பந்துக்கு (ரீபவுண்டு) முண்டியடிக்காமல் பெரும்பாலோர் திரும்பி ஓடிவிடுவார்கள். எதிரணி, பந்து கிடைத்ததும் எறிந்தாக வேண்டிய 30 விநாடிக் கெடுவின் கடைசியில், தொலைவிலிருந்து, மனமில்லாமல் எறியும். அந்தப் பருவத்தில் வர்ஜீனியா ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 56 புள்ளி அளவிலேயே விட்டுக்கொடுத்தது.

குறை என்னவென்றால், அந்தத் தொலைதூர எறிதல்கள் விழத் தொடங்கினால் தாங்காது. யூஎம்பிசி ஆட்டத்தில் நடந்தது அதுதான்.

கேள்வி (சென்னை): என்சிஏஏ போட்டியில் ஆரிகன் அணியை 53–49 என்று வென்றார்கள். பட்டம் வென்ற அணி 53 புள்ளிதான் எடுக்குமா? பார்க்கவே அலுப்பாக இல்லையா?

பதில்: அலுப்பு அவரவர் ரசனை. ஆனால் தாக்குதலில் பலவீனமான அணி என்று முடிவுகட்ட வேண்டாம். ஓர் ஆட்டத்தில் இவர்கள் கைக்குப் பந்து வருவது சுமார் 60 முறைதான்; அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் இவர்களைவிட மெதுவாக ஆடிய அணி இல்லை. பந்து கையில் வந்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி என்று கணக்கிட்டால், அந்தப் பருவத்தில் இவர்களது தாக்குதல் நாட்டின் தலைசிறந்த சில தாக்குதல்களுள் ஒன்று. கைல் கை, டை ஜெரோம், ஹன்டர் ஆகிய மூவரும் வெளியிலிருந்து எறிவதில் வல்லவர்கள். மீண்டும் சொல்கிறேன்: புள்ளிப் பலகை மட்டும் போதாது.

கேள்வி (சேலம்): எல்லாமே அதிர்ஷ்டம்தானே?

பதில்: என்சிஏஏ போட்டியில் ஆறு ஆட்டங்களை வென்றார்கள். அவற்றில் மூன்று மயிரிழையில் முடிந்தன. பருவம் முழுவதையும் சேர்த்தால் 38 ஆட்டங்கள். டியூக்கிடம் இரண்டும் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் ஒன்றும் தவிர எதிலும் தோற்கவில்லை.

கேள்வி (ஒரு தாய், கோவை): வர்ஜீனியா வீரர் கிஹெய் கிளார்க் 5 அடி 9 அங்குலம்தான் என்கிறார்கள். என் மகனும் அதே உயரம். உயரம் கூட்ட மாத்திரை ஏதும் உண்டா?

பதில்: மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா, விளம்பரங்களை நம்பாதீர்கள். கிளார்க்கைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி (பெங்களூரு): பர்டியூ ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் உண்மையில் என்ன நடந்தது?

பதில்: லூயிவில் நகரில், கடைசி நான்கு அணிகளுள் நுழைவதற்கான ஆட்டம். பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் பத்து மூன்று புள்ளி எறிதல்களுடன் 42 புள்ளி எடுத்தார். 5.9 விநாடி மீதமிருக்க வர்ஜீனியா 67–70 என்று பின்தங்கியிருந்தது. ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியும் வாய்ப்பு. முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. வர்ஜீனியாவின் மமாதி டியாகிடே அதைக் கையால் பின்னுக்குத் தட்டினார். பந்து நடுக்கோட்டையும் தாண்டித் தங்கள் பக்கமே உருண்டது. கிளார்க் துரத்திப் பிடித்துத் திரும்பினார். அருகில் இருந்தவர்களுக்குத் தந்துவிடத்தான் எவருக்கும் தோன்றும். முதலாண்டு மாணவரான அவரோ, கூடைக்குப் பக்கத்தில் நின்ற டியாகிடேவைப் பார்த்து நீண்ட பாஸை நேராக அனுப்பினார். டியாகிடே பிடித்த கையோடு எறிந்தார். மணி ஒலித்தபோது பந்து காற்றில் இருந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75.

கேள்வி (அலபாமாவில் வசிப்பவர்): அரையிறுதியில் ஜெரோம் டபுள் டிரிபிள் (பந்தைப் பிடித்தபின் மறுபடி தட்டுதல்) செய்ததை உலகமே பார்த்தது. எங்கள் ஆபர்ன் அணியிடமிருந்து ஆட்டத்தைப் பறித்ததைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியந்திருப்பேன். வர்ஜீனியா 57–47 என்று முன்னிலையில் இருந்தது. ஆபர்ன் தொடர்ச்சியாக 14 புள்ளி எடுத்து 61–57 ஆக்கியது. கைல் கையின் மூன்று புள்ளியால் 61–60. ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 62–60. அதன்பின் ஜெரோம் பந்தைக் கொண்டுவரும்போது அது அவருடைய குதிகாலில் பட்டு எகிறியது. இரு கைகளாலும் பிடித்து, மீண்டும் தட்டினார். பந்தைக் கைகளில் அடக்கியபின் மறுபடி தட்டுவது விதிமீறல். நடுவர்கள் ஊதவில்லை, ஊதியிருக்க வேண்டும்.

அதற்குச் சற்று முன்பு ஆபர்ன் வீரர் ஜெரோமின் சட்டையைப் பிடித்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆபர்னின் ஃபவுல் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், ஃப்ரீ த்ரோ கொடுக்காமலேயே ஃபவுல் செய்ய அதற்கு இடம் இருந்தது. அவர்கள் வேண்டுமென்றேதான் ஃபவுலுக்கு முயன்றார்கள். அது ஊதப்பட்டிருந்தால் பந்து வர்ஜீனியாவிடமே இருந்திருக்கும். ஊதத் தவறியவை இரண்டு. காணொளிகளில் ஒன்றை மட்டும் வெட்டிக் காட்டுகிறார்கள்.

அதே அன்பர்: விதிமீறல் என்று நீங்களே ஒப்புக்கொண்டபின், பட்டம் எங்களுடையது என்பதை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

பதில்: அரையிறுதியை வென்றால் இறுதிப் போட்டிக்குப் போகலாம். அங்கே டெக்சஸ் டெக் காத்திருந்தது.

கேள்வி (மாவட்ட நடுவர், மதுரை): காணொளியைப் பார்த்துத் திருத்தியிருக்கலாமே? இறுதிப் போட்டியில் பார்த்தார்களே?

பதில்: நல்ல கேள்வி, இந்த விவாதத்தில் பெரும்பாலோர் கவனிக்காதது. எதையெல்லாம் காணொளியில் பார்க்கலாம் என்று விதிப்புத்தகம் வரையறுக்கிறது. அந்தப் பருவத்தில், கடைசி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் பந்து யார் மீது பட்டு வெளியேறியது என்பதைப் பார்க்க முடிந்தது. அதனால்தான் இறுதிப் போட்டியின் கூடுதல் நேரத்தில், டெக்சஸ் டெக்குக்குத் தரப்பட்ட பந்து டாவிடே மோரெட்டியின் விரலை உரசியே வெளியே போனது என்று கண்டு, வர்ஜீனியாவுக்கு மாற்றினார்கள். டபுள் டிரிபிள் அந்தப் பட்டியலில் இல்லை; ஊதாமல் விட்டால் விட்டதுதான். விரலின் உரசலைத் திருத்தவும், இரு கைப் பிடியைத் திருத்தாமல் விடவும் செய்யும் விதி முரணானது என்று நீங்கள் வாதிட்டால் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் முரண் விதியில்தான் இருக்கிறது.

அலபாமா அன்பர்: அதன்பின் கைல் கைக்குச் சாதகமாகக் கொடுத்த ஃபவுலும் பொய்.

பதில்: இல்லை. எறிபவர் தரையைத் தொடும்வரை அவர் இறங்கும் இடம் அவருக்கு உரியது. ஆபர்னின் சமீர் டௌட்டி அந்த இடத்துக்குள் நகர்ந்து உடலால் மோதினார். 0.6 விநாடி மீதமிருந்தது. இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில் மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் கைல் கை போட்டார், 63–62. முந்தைய ஆண்டு மார்ச்சில் யூஎம்பிசியிடம் தோற்றபோது குனிந்து நிற்கும் தன் படத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்திருந்தவர் அவர்.

கேள்வி (நெல்லை): ஜெரோம் டபுள் டிரிபிள் செய்தாரா இல்லையா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி (தஞ்சை): வர்ஜீனியாவுக்கு வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதில்: சேலத்து அன்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (துபாய்): அடுத்த பட்டம் யாருக்கு? ஆயிரம் ரூபாய் கட்டலாமா?

பதில்: அது சோதிடர் துறை. பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி மாணவி, மீண்டும்): இறுதிப் போட்டியை எது தீர்மானித்தது?

பதில்: ஹன்டர். 2019 ஏப்ரல் 8, மினியாபொலிஸ். டெக்சஸ் டெக்கின் முதன்மை ஆட்டக்காரர் ஜாரெட் கல்வரைத் தடுக்கும் பொறுப்பு அவருடையது. கல்வர் 22 எறிதல்களில் 5 மட்டுமே போட்டார். மறுபுறம் ஹன்டர் 27 புள்ளி எடுத்தார். சுமார் 12 விநாடி இருக்கையில் 65–68 என்று பின்தங்கியபோது, ஜெரோம் உள்ளே நுழைந்து காவலைத் தன்பக்கம் இழுத்து வெளியே தந்த பந்தை மூலையிலிருந்து போட்டுச் சமன்செய்தவரும் அவரே. கடைசி நொடியில் கல்வர் எறிந்ததை வர்ஜீனியாவின் பிராக்ஸ்டன் கீ தட்டிவிட்டார். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா எடுத்த 17 புள்ளிகளில் 12 ஃப்ரீ த்ரோ. 12 முறை எறிந்து 12-உம் விழுந்தன. 85–77. பலகையில் 85 என்று பார்த்து, அன்று வேகமாக ஆடினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆடினார்கள், எறிந்தவை அதிகம் விழுந்தன.

கேள்வி (கல்லூரிப் பயிற்சியாளர், திண்டுக்கல்): நாம் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிகளில் ஆடுகிறோம். இந்த முறை நமக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும், சில மாற்றங்கள் வேண்டும். நமக்கு 24 விநாடிக் கெடு என்பதால் எதிரணி இன்னும் விரைவில் எறிந்தாக வேண்டும். அது தற்காப்புக்குச் சாதகம். பாதகம் மூன்று புள்ளிக் கோடு. அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆடவருக்கு அது 20 அடி 9 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 6.32 மீட்டரில் இருந்தது, நமக்கு 6.75 மீட்டர். அவர்களும் அடுத்த பருவத்திலிருந்து நம் அளவுக்கு மாறிவிட்டார்கள். ஓடிச்சென்று அடைக்க வேண்டிய தூரம் கூடுவதால், உங்கள் கற்பனை வளைவையும் சற்று வெளியே தள்ளி வையுங்கள். எதிரணியில் நன்றாக எறிபவர் இருந்தால், அவரைக் காக்கும் ஒருவரை மட்டும் வளைவுக்குள் இறக்காதீர்கள். பயிற்சியின் முதல் இரண்டு வாரங்களுக்குத் தாக்குதலைத் தொடவே வேண்டாம். வளைவிலிருந்து கோட்டுக்கு ஓடி, குறுகிய எட்டில் நின்று, கை உயர்த்துவதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மாணவர்கள் முணுமுணுப்பார்கள்.