சார்ட்டை மெஷின் படிக்கிறதே, இனி எனக்கென்ன வேலை?

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, சென்னையில் ஏழு வருடம் மெடிக்கல் கோடிங் பார்த்தேன். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை (சார்ட்) படித்து, காப்பீட்டுப் பணம் கேட்பதற்கான கோட்களாக மாற்றும் வேலை. அந்தத் தொழிலுக்கான சி.பி.சி. சான்று இருக்கிறது. முதலில் ரேடியாலஜி, பிறகு எமர்ஜென்சி சார்ட். பெரும்பாலான சார்ட்டுகளை ஏஐ மென்பொருளுக்கு மாற்றியதும் எங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பா குரூப் 4 எழுதச் சொல்கிறார். ஒரு பயிற்சி மையம் 85,000 ரூபாய்க்கு ஏஐ கோர்ஸ், முடித்தால் வேலை நிச்சயம் என்கிறது. தெருவில் இறங்கினால், ‘ஏட்டி, லீவு இன்னும் முடியலையா?’ என்கிறார்கள். வயது 30. படித்த தொழிலை விட்டுவிடவா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 85,000. தயவுசெய்து கட்டாதீர்கள். எந்த நிறுவனத்தில், என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். வேலை போன பிள்ளைகளின் பயத்தை வைத்துப் பணம் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கையிலிருக்கும் சேமிப்பு, அவசரப்பட்டு முடிவெடுக்காமல் இருக்க உங்களுக்கு அவகாசம் தரும் பணம். அதை விடாதீர்கள்.

வேலை போனது உங்கள் திறமைக் குறைவால் இல்லை. கோடிங் மென்பொருள்கள் முதலில் கைவைத்ததே ரேடியாலஜி, எமர்ஜென்சி போன்ற பிரிவுகளில்தான். எக்ஸ்ரே ரிப்போர்ட் சிறியது, ஏறக்குறைய ஒரே வார்ப்பு, தினமும் மலைபோல வந்து குவியும். மெஷினுக்கு வாகான வேலை அது. மணிக்கு இத்தனை சார்ட் என்ற புரொடக்‌ஷன் வேலை பழைய அளவில் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் நீங்கள் ஏழு வருடத்தில் கற்றது கோட் நம்பர்களை மட்டும்தானா? மணிக்கட்டு முறிந்த ஒருவர் ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டுப் பிரிக்க வருகிறார். டாக்டர் பழைய குறிப்பை அப்படியே ஒட்டி, அடியில் ஒரே ஒரு வரி சேர்க்கிறார். மேலோட்டமாகப் படித்தால் இன்றைக்குத்தான் எலும்பு முறிந்தது போலிருக்கும். கோடின் ஏழாவது எழுத்தாக ‘ஏ’ போட்டால் முறிவுக்கே இப்போதுதான் வைத்தியம் நடக்கிறது என்று ஆகும். ‘டி’ போட்டால் ஆறிவருகிறது என்று பொருள். அந்த அடிவரியில் கண் வைத்து, இது ‘டி’ என்று பிடித்துவிடுவீர்கள், இல்லையா? மெஷினும் பல நேரம் சரியாகப் பிடிக்கும். தவறவிட்டால், காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு அனுப்பிய க்ளைம் திரும்பும், அல்லது ஆடிட்டில் மாட்டும். அதற்கு மென்பொருள் பதில் சொல்லாது. யாராவது ஒரு மனுஷர்தான் சார்ட்டைத் திறந்து காரணம் எழுத வேண்டும். நீங்கள் போக வேண்டியது அந்த நாற்காலிக்கு.

அதாவது, போட்ட கோடைச் சரிபார்க்கும் ஆடிட், திரும்பி வந்த க்ளைமுக்குப் பதில் எழுதும் டினையல், இரண்டு பக்கமும் தேடுங்கள். ஆடிட்டுக்கென்றே சி.பி.எம்.ஏ. சான்று இருக்கிறது. அதற்கு முன்னால், இருக்கிற சி.பி.சி. காலாவதியாகாமல் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு 36 சி.இ.யூ. (தொடர்கல்விப் புள்ளிகள்) காட்ட வேண்டுமே, வீட்டிலிருக்கும் இந்த நேரத்தில் அதை முடித்துவிடலாம். இன்பேஷன்ட் (உள்நோயாளி) கோடிங்கும் படியுங்கள். எமர்ஜென்சியில் ‘ரூல் அவுட்’, ‘சந்தேகம்’ என்று எழுதியதை நோயாகக் கோட் செய்யக் கூடாது என்று பழகியிருப்பீர்கள். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் நேரத்தில் ‘புராபபிள்’ (இருக்கக்கூடும்) என்றிருந்தால், நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. அப்படியே தலைகீழ். தங்கியிருந்த நாட்கள் முழுவதையும் படித்து எது பிரதான நோய் என்று தீர்மானிக்கும் வேலை என்பதால், எக்ஸ்ரே ரிப்போர்ட் போல மெஷினிடம் சுலபமாக ஒப்படைக்க முடிவதில்லை.

ரெஸ்யூமேயில் ‘மெடிக்கல் கோடர், ஏழு வருடம்’ என்று மட்டும் எழுதினால் ஆயிரத்தில் ஒன்றாகப் போகும். என்னென்ன பிரிவு, குவாலிட்டி எத்தனை சதவீதம், எத்தனை ஜூனியர்களுக்குப் பழக்கினீர்கள், மென்பொருள் போட்ட கோடைத் திருத்திய அனுபவம் உண்டா என்று எழுதுங்கள். நோயாளி விவரம் ஒரு வரிகூட வரக் கூடாது. பழைய டீம் லீடுக்கு ஒரு போன் போடுங்கள். கூச்சமாக இருக்கும்தான், ஆனாலும் போடுங்கள். இந்தத் தொழிலில் தெரிந்தவர் சொல்லி நுழைகிறவர்கள் நிறைய.

ஊரை விட மனமில்லையென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பாளை ஹைகிரவுண்ட், வண்ணார்பேட்டை பக்கம் மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் டெஸ்க்கைப் போய்ப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தனியார் பாலிசிகள் வேறு. ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி, டிஸ்சார்ஜ் சம்மரி, ‘ஏன் ஐ.சி.யூ.வில் வைத்தீர்கள்?’ என்று வரும் கொக்கிகள். கேஸ் ஷீட்டைப் படித்து நாலு வரியில் பதில் எழுதத் தெரிந்தவர் அங்கே வேண்டும். உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற பேக்கேஜ் பட்டியல்தான். சென்னைச் சம்பளத்தைவிட நன்றாகவே குறையும். அதைத் தெரிந்துகொண்டே போங்கள். வாடகையும் ஹாஸ்டல் செலவும் மிச்சமாவதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குரூப் 4 எழுதலாம், தப்பே இல்லை. 2024-ல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. இதை அப்பாவிடம் சண்டையாக இல்லாமல், உட்கார்ந்து கணக்காகச் சொல்லுங்கள். ஏழு வருடம் மகள் என்ன வேலை பார்த்தாள் என்பதே அவருக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். அந்த மாவுக்கட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், புரியும். காலையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, மற்ற நேரத்தில் வேலை தேடலாம். வேலை தேடுவதை நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் தேர்வுக்கே உட்காருவதுதான் வேண்டாம் என்கிறேன். தெருவில் கேட்பவர்களுக்கு, ‘வேற வேலை பாக்கேன் அத்தை’ என்றால் போதும். விளக்கம் கொடுக்க நின்றால் அன்றைய பொழுதே கெட்டுவிடும்.

இன்டர்வியூ வந்தால் நீங்களும் கேளுங்கள்: வருகிற சார்ட்டில் எவ்வளவு மெஷின் போடுகிறது? அது போட்டதைச் சரிபார்க்க ஒரு சார்ட்டுக்கு எத்தனை நிமிடம் தருவீர்கள்? தப்பு வந்தால் யார் கணக்கில் எழுதுவீர்கள்? மூன்றாவதற்கு நேரான பதில் வராவிட்டால், சம்பளம் நன்றாக இருந்தாலும் யோசித்துச் சேருங்கள்.