1850 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குப் போன முன்னோரைப் பற்றிப் பெயர் மட்டும்தான் தெரியும். எந்தப் பதிவுகளில், எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இதே தேடலில் நான் மூன்று வருடம் இருந்தேன். என் கணவர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர். நான் தேடியது என் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவை. மாமியாருக்கு இப்போது 93 வயது. அவர் கண் முன்னாலேயே இதை முடித்துவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

ஸ்காட்லாந்தில் தொடங்காதீர்கள். அவர் இறந்த ஊரில் தொடங்குங்கள். ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 900 திருச்சபை வட்டாரங்கள் இருந்தன. எந்த வட்டாரம் என்று தெரியாமல் உள்ளே போனால், ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். அந்த வட்டாரத்தின் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கல்லறைக் கல், குடும்ப பைபிளின் முன்பக்கம், உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் செய்தி, சபைப் பதிவேடு என்று எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் வழிவழியாக வந்தது ஒரே ஒரு சொல்: ஊயிக். யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்து அது ஸ்கை தீவில் இருக்கிறது என்று சொல்லிவிட, நாங்கள் ஸ்கை தீவுக்காரர்கள் என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். இணையத்தில் இருந்த குடும்ப மரங்களிலும் அதுவே ஏறியிருந்தது. நானும் ஒரு வருடம் ஸ்கை அடங்கிய இன்வர்னஸ் மாவட்டப் பதிவுகளிலேயே காசு செலவழித்தேன்.

அப்புறம் ஒரு கோடையில் புரூஸ் கவுண்டியில் ரிப்ளி ஊருக்குப் பக்கத்தில் அவர் கல்லறைக்குப் போனோம். அவர் கல்லில் 'ஸ்காட்லாந்து' என்பதோடு சரி. ஆனால் சுற்றியிருந்த கற்களைப் படித்தால் ஒன்று மாற்றி ஒன்று 'லூயிஸ் தீவு' என்றே இருந்தன. லூயிஸ் தீவிலும் ஊயிக் என்றொரு வட்டாரம் உண்டு! லூயிஸ் அப்போது ராஸ் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இன்வர்னஸ் பதிவுகளில் அவர் எப்படிக் கிடைப்பார்? புலம்பெயர்ந்தவர்கள் தனியாகப் போனது குறைவு. ஊரோடு போய் ஊரோடு குடியேறினார்கள். அதனால் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏன் போனார்கள் என்பதும் பிடிபட்டது. சீனத்து அபின் வணிகத்தில் பணம் சேர்த்த ஜேம்ஸ் மேத்திசன் 1844இல் லூயிஸ் தீவையே விலைக்கு வாங்கினார். 1846இலிருந்து உருளைக்கிழங்கு அழுகல் நோய் வந்து குடியானவர்கள் நிலக் குத்தகை கட்ட முடியாமல் போனது. 1851 முதல் 1855 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். யாரை அனுப்புவது என்று வீடு வீடாகப் பார்த்த எஸ்டேட் அதிகாரியின் 1851ஆம் வருட நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, வட்டாரம் கிடைத்துவிட்டது. இனி எல்லாம் எளிது என்று நினைத்தேன். அவர் பிறந்தது 1820 வாக்கில். ஊயிக் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு 1820களின் நடுவில்தான் தொடங்குகிறது. 1843இல் ஸ்காட்லாந்து திருச்சபை உடைந்தபோது லூயிஸ் மக்கள் ஏறக்குறைய மொத்தமாக, பிரிந்துபோன ஃப்ரீ சர்ச் பக்கம் போய்விட்டதால், அதற்குப் பிந்தைய குடும்ப நிகழ்ச்சிகளையும் பழைய சபையின் பதிவேடுகளில் எதிர்பார்க்க முடியாது. கப்பல் பட்டியலும் இல்லை. கியூபெக் துறைமுகப் பட்டியல்கள் 1865இலிருந்துதான் கிடைக்கின்றன. பிரிட்டனை விட்டுப் போனவர்களின் பட்டியல்கள் 1890இலிருந்து.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். போனவர் கிடைக்கவில்லை என்றால், போகாதவரைத் தேடுங்கள்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அங்கே இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் இது கிடையாது. ஆகவே 1855க்குப் பிறகு ஊரிலேயே இறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாராவது ஒருவர் இருந்தால், உங்கள் முன்னோரின் பெற்றோர் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறது. எங்கள் குடும்ப பைபிளில், தன் தம்பி இறந்த செய்தி வந்ததாக 1871இல் அவர் ஒரு வரி எழுதியிருந்தார். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்பது அரசு ஆவணக் காப்பகத்தின் தளம். அதில் பெயர் தேடுவதற்குக் காசு இல்லை, பதிவின் படத்தைப் பார்க்கத்தான் கிரெடிட் வாங்க வேண்டும். அந்தப் பெயரில், அந்தக் காலத்தில், ஊயிக்கில் மூன்று பேர் இறந்திருந்தார்கள்.

மூவரில் யார் என்று காட்டிக்கொடுத்தது பெயர் வைக்கும் வழக்கம். அங்கே முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மகள்களில் முதலாமவளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். பேரன் என்ற சொல்லுக்கே பெயரன் என்று பொருள் சொல்கிற நமக்கு இது புதிதில்லை. எல்லோரும் தவறாமல் கடைப்பிடித்ததில்லை என்றாலும் நல்ல துணை. மூன்று பதிவுகளில் ஒன்றில் மட்டும்தான் பெற்றோர் இருவரின் பெயரும் எங்கள் முன்னோரின் மூத்த மகனுக்கும் இரண்டாவது மகளுக்கும் பொருந்தின. விவரம் சொன்ன மகனுக்குக் கையெழுத்துத் தெரியாது போல, பெருக்கல் குறி போட்டிருந்தார்.

பெயர்களில் இன்னொரு சிக்கல். அந்தத் தீவு மக்கள் பேசிய கேலிக் மொழியில் தோர்மொட் என்று கூப்பிடப்பட்டவர் ஆங்கிலப் பதிவில் நார்மன். கில்லெஸ்பிக் என்பவர் ஆர்ச்சிபால்ட். கனடாவில் டொனால்ட் சில சமயம் டேனியல் ஆகிவிடுகிறார். குடும்பப் பெயரின் தொடக்கத்தில் மேக் (Mac), மக் (Mc) என இரண்டு விதமாகவும் எழுதித் தேடுங்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கில் 15க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், ஆகவே 20 என்று இருந்தால் 24 ஆகவும் இருக்கலாம். உங்களவர் கனடாவுக்குப் பதில் ஆஸ்திரேலியா போயிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 1852 முதல் 1857 வரை ஹைலேண்ட் அண்ட் ஐலேண்ட் எமிக்ரேஷன் சொசைட்டி அனுப்பிய ஏறத்தாழ 5,000 பேரின் பட்டியல் கப்பல்வாரியாக, ஊர் பெயரோடு இருக்கிறது.

பெற்றோர் பெயர் கிடைத்தபின் மற்றது வேகமாக நடந்தது. 1851 மார்ச் 30 இரவு எடுத்த கணக்கெடுப்பில் குடும்பம் முழுவதும் ஊயிக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தது. அவர், மனைவி, நான்கு பிள்ளைகள். கடைசியாக மூன்று மாதப் பெண் குழந்தை. அந்தக் கோடையில் கப்பலேறிவிட்டார்கள். 1861 கனடா கணக்கெடுப்பில் அதே பெயரில் ஒரு பெண் இருக்கிறாள். வயது ஆறு. பத்து வயதுப் பெண் யாரும் அந்த வீட்டில் இல்லை. ஒன்டாரியோவில் இறப்புப் பதிவு தொடங்கியதே 1869இல்தான். கைக்குழந்தையாகக் கப்பலேறியவளுக்கு என்ன ஆனது என்பதை, தங்கைக்கு மறுபடி வைக்கப்பட்ட அந்தப் பெயர் மட்டும்தான் சொல்கிறது.

மாமியாரிடம் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த ஆறு வயதுப் பெண்தான் அவருடைய பாட்டியின் அக்கா. சிறுமியாக இருந்தபோது அந்தக் கிழவியின் மடியில் உட்கார்ந்திருக்கிறார். "அவளுக்கு முன்னாலும் ஒருத்தி இருந்தாளா" என்று மட்டும் கேட்டார்.