கொழும்பு வெக்கையில் செஸ்னா 152 பயிற்சி விமானத்தின் கார்ப்பரேட்டரில் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) பனி பிடிக்குமா?

பிடிக்கும். இரத்மலானையில் 30 பாகை வெயிலென்றாலும் பிடிக்கும். இங்கே வில்லன் குளிரல்ல, ஈரப்பதன். பெற்றோல் ஆவியாகும்போதும், காற்று ஒடுங்கிய கழுத்தினூடாக விரையும்போதும் கார்ப்பரேட்டருக்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் சரியலாம். ஈரம் உறைந்து காற்றுவழியை அடைக்கும். த்ரொட்டிலைக் (எஞ்சின் வலுவைக் கூட்டிக்குறைக்கும் பிடி) குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

த்ரொட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் (எஞ்சின் சுழல்வேகம்) மெல்லக் குறைந்தால் கார்ப் ஹீட்டை (கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் பிடி) முழுதாக இழுங்கள், அரைகுறையாக வேண்டாம். உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக உதறும். பயந்து திரும்பத் தள்ளிவிடுவதுதான் பெரிய பிழை. பொறுத்தால் ஆர்பிஎம் ஏறும்.

எஞ்சின் நின்றே போனால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி 60 நொட் வேகம் பிடியுங்கள். எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி), மக்னீற்றோ (தீப்பொறி தரும் கருவி) எல்லாம் சரிபார்ப்பது அதற்குப் பிறகு. இரத்மலானையின் ஓடுபாதை 22இலிருந்து கிளம்பியதுமே நின்றால் முன்னே கடல்தான். ஆனாலும் அந்த உயரத்தில் திரும்பிவர முயன்றால் ஸ்டால் ஆகிவிடலாம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடலாம்.