காக்கேசிய அல்பேனியர்கள் யார், எங்கே போனார்கள்?

இன்றைய அசர்பைஜானிலும் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியின் தெற்கிலும், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கபலாவைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்த பல இனக்குழுக்களுக்கான பொதுப்பெயர் இது. 4ஆம் நூற்றாண்டில் கிறித்தவத்தை ஏற்றார்கள், தனி எழுத்தும் வைத்திருந்தார்கள். அப்புறம் அரபு ஆட்சி வந்தது, மக்கள் மெல்ல மெல்லப் பக்கத்து மதங்களுக்கும் மொழிகளுக்கும் மாறிப்போனார்கள்.

சிலேட்டைத் துடைத்துவிட்டு மேலே எழுதினாலும் பழைய கோடு மங்கலாகத் தெரியுமே, அதேபோலத்தான் எகிப்தின் சினாய் கிறித்தவ மடத்தில் கிடைத்த தோல் ஏடுகளில், ஜார்ஜிய எழுத்துக்கு அடியில் 1990களில் இவர்களுடைய சுரண்டி அழித்த எழுத்து தெரிந்தது. படித்துப் பார்த்தால், அசர்பைஜானின் நிஜ் கிராமத்தில் உதி மக்கள் இன்றும் பேசும் மொழியின் பழைய வடிவம்! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஐரோப்பாவில் இருக்கும் அல்பேனியாவுக்கும் இவர்களுக்கும் உறவில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.